‘நல்லாத் தூங்குறா’ என்று நான் சொன்னது

பிள்ளைகளா,

போன வாரம் போனில் ரெண்டு பேரும் மாறி மாறிக் கேட்டீர்கள். பெரியப்பா வீட்டு வாசலை நான் ஏன் மிதிப்பதில்லை, ராத்திரி ஏழு மணிக்கு மேல் வந்தால் அவரையே ஏன் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறேன், கூடப் பிறந்த அண்ணன்தானே, விட்டுக்கொடுத்துப் போனால் என்ன என்று. எனக்குப் போனில் சொல்ல வரவில்லை. சொன்னால் கெட்ட வார்த்தைதான் முதலில் வரும், பக்கத்தில் உங்கள் அம்மா இருந்தாள். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு அப்பாவுக்கு மனசு சின்னது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சின்னதுதான். பெரிய மனசுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து உங்கள் அம்மாவை என்ன பாடு படுத்தினார்கள் என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும். அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக நின்றவன் நான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அம்மாவுக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்த சமயம் தம்பி கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது, பாப்பா காலேஜ் ஹாஸ்டலில். முதலில் சளிக்கட்டி என்று உங்களிடம் பொய் சொன்னோம். பிறகு புற்றுநோய் என்று தெரிந்து ரெண்டு பேரும் ஓடி வந்தீர்கள். ஆனால் நீங்கள் வந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டில் எல்லாரும் நன்றாக நடித்தோம். மற்ற ஆறு நாட்கள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

அவள் பீடி, சுருட்டு எதையும் தொட்டவள் இல்லை. அடுப்புப் புகையா, பரணில் தொங்கும் பூண்டுக்குப் போடும் புகையா, எதனால் வந்தது என்று மதுரை டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. “காரணம் இல்லாமயும் வரும்” என்றார். ஆனால் உங்கள் பெரியப்பாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது.

“கொடைக்கானல் ஏரிக்கரையில ஒருக்கா ஐஸ்கிரீம் தின்னால்ல? அன்னைக்கே சொன்னேன், நெஞ்சுல கட்டிக்கிரும்னு.”

இதை அவர் சொல்லும்போது கையில் பீடி புகைந்துகொண்டிருந்தது. அதை உங்கள் அம்மாவின் கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்று குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் ஐஸ்கிரீமைப் பற்றி யோசித்தோம்.

டாக்டர் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொல்லியிருந்தார். ஆபரேஷன் செய்யக்கூடிய இடத்தில் கட்டி இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ ஏற்ற வேண்டும், மொத்தம் ஆறு தடவை. நடுவில் விடாமல் ஆறையும் முடித்தால்தான் கட்டி எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்க முடியும். விடாமல் முடிப்பது, அந்த ஒன்றுதான் எங்கள் கையில் இருந்தது. மருந்தைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, கட்டியை அறுக்கச் சொல்லவில்லை. ஆறு தடவை அவளை நடக்கிற ஆளாக மதுரைக்குக் கொண்டுவந்து சேர்க்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் சோலி.

கீமோவோடு சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றும் கொடுத்தார்கள். முதலில் கீமோவுக்கு முன்னும் பின்னும் சில நாட்களுக்கு மட்டும், பிறகு வாந்தி நிற்கவும் பசி எடுக்கவும் தினமும். கவரின் மேல் பேனாவால் 1-1-0 என்று எழுதியிருந்தது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரிக்கு இல்லை. மருந்து கொடுத்த பெண் அதை வாயாலும் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். பத்தாவது படித்தவன், ஒன்றும் சுழியும் எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கவரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன மாத்திரைலே இது?”

“ஸ்டீராய்டாம்ணே. கீமோ ஒத்துக்கிறதுக்கு.”

“ஸ்டீராய்டா! சூட்டு மருந்துல அதுதான் ராசா. இத விடியக்காலம் குடுத்து, அவ தண்ணியில கைய வச்சா நேரா ஜன்னிதான். பொழுது சாய ஒண்ணு குடு, படுக்கையில பாலோட ஒண்ணு குடு.”

உங்களுக்கே தெரியும், நம் ஊரில் சூட்டு மாத்திரைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. தண்ணீரில் கை வைக்கிற வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் அதைத் தின்ன வேண்டும். நம் பூம்பாறை மலையில் குழாய்த் தண்ணீர் மார்கழியில் விரலைக் கடிக்கும். மருந்துச் சூடு உள்ளே இருக்கும்போது அந்தக் குளிர் ஏறினால் உடம்பு விறைத்துவிடும் என்பார்கள். அதனால் நம் பொம்பளைகள் காய்ச்சல் மாத்திரையைக்கூடச் சாயங்காலம் கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வாயில் போடுவார்கள். அதுவரை காய்ச்சலோடு கிடப்பார்கள், இல்லை, கிடக்கவும் மாட்டார்கள், பாத்திரம் கழுவுவார்கள். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. ஆம்பளைகள் நினைத்த நேரத்தில் மாத்திரை தின்னுகிறோமே, நமக்கு ஏன் இது இல்லை என்று ஒருத்தனும் கேட்டதில்லை.

“கவர்ல காலையும் மத்தியானமும்னு போட்டுருக்குண்ணே” என்றேன். அவ்வளவு தைரியம் அன்றைக்கு எனக்கு இருந்தது.

“மதுரக்காரன் வெயில்ல உக்காந்து எழுதுனது. அவன் நம்மூர்த் தண்ணியத் தொட்டுப் பாத்துருக்கானா?”

உங்கள் அம்மா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள்: “நான் வேணா தண்ணியில கை வைக்காம இருந்துக்கிறேன். எழுதிருக்காப்லயே காலையில போட்டுக்கிறேனே.”

“அடி ஆத்தி! நீ தண்ணியில கை வைக்கலைன்னா மாட்ட யாரு கழுவுவா? ஒம் புருசனா?”

பெரியப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். உங்கள் அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள், எங்களுக்காக.

அன்று பொழுது சாய ஒரு மாத்திரை, படுக்கும்போது பாலோடு ஒரு மாத்திரை. அன்றோடு அவள் தூக்கம் போயிற்று.

அந்த நாட்களைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். படுத்தால் இருமல், எழுந்து உட்கார்ந்தால் நெஞ்சு படபடப்பு. சும்மா உட்கார முடியாமல் விதைப்பூண்டு மூட்டையை அவிழ்த்து வைத்துக்கொண்டு பல் பிரிப்பாள். நான் வெள்ளனே எழுந்து பார்த்தால் ஒரு மூட்டை முடிந்து, பெருக்கி, கோலமும் போட்டிருக்கும். விதைப்புக்கு ஆள் கிடைக்காத சமயம் அது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பரவாயில்லை, ஒரு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

தெருவில் ஒரே புகழ்ச்சி. கேன்சர் வந்தவள் விடிய விடிய வேலை செய்கிறாள், என்ன நெஞ்சுரம் என்று. பெரியப்பா தெருமுனையில் நின்று எனக்குச் சொன்னார்: “பாத்தியாலே, மருந்து பிடிக்குது. ஆளு எப்படிச் சுறுசுறுப்பா இருக்கா பாரு. காலையில குடுத்துருந்தா சுருண்டு கெடந்துருப்பா.”

பகலில் சுருண்டுதான் கிடந்தாள். அதை அவர் பார்க்கவில்லை, பகலில் அவர் டீக்கடையில் இருப்பார். சோறு வாய்க்குப் போகாது. ரெண்டு வாய் வைத்ததும் தலை சாய்ந்துவிடும். பொழுது இறங்கும் நேரத்தில் கண் மெல்லச் செருகும். சரியாக அந்த நேரத்துக்குத்தான் விசாரிக்கிற கூட்டம் வரும்.

தோட்டத்து வேலை முடிந்து, கை கால் கழுவி, டிவி நாடகத்துக்கு முன்னால் ஒரு எட்டு வந்துவிட்டுப் போவார்கள். சீக்காளியைப் பார்க்கப் போகவில்லை என்றால் ஊரில் பேச்சாகிவிடும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் வந்தார்களே ஒழிய, உங்கள் அம்மாவுக்காக வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எனக்கு அத்தை முறையாகும் ஒருத்தி வருவாள், தவறாமல். ரெண்டு ஆரஞ்சுப் பழத்தோடு கட்டில் விளிம்பில் உட்காருவாள்.

“ஏத்தா, தூங்குறியா? தூங்கு தூங்கு. ஒடம்புக்கு அதுதான் வேணும். செத்த எந்திரிச்சு உக்காரு, மொகத்தப் பாத்துட்டுப் போயிர்றேன்.”

உங்கள் அம்மா எழுந்து உட்காருவாள்.

“வடகவுஞ்சியில எங்க நாத்தனா மகளுக்கும் இதே சீக்குதான். மூணே மாசம். போயிட்டா. நீ அதெல்லாம் மனசுல வச்சுக்காத, என்ன? தைரியமா இரு.”

“சரித்தே.”

“கடுங்காப்பி போதும், பால் ஊத்தாத.”

உங்கள் அம்மா அடுப்படிக்குப் போவாள். நான் வாசலில் நாற்காலி போட்டு வந்தவர்களோடு பேசிக்கொண்டு இருப்பேன். வீட்டுக்கு ஜனம் வருவது எனக்குக் கௌரவமாக இருந்தது. எவ்வளவு பேர் வருகிறார்கள் பார் என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கூட்டத்தை இப்போது திட்டுகிறேனே, அவர்களைவிடக் கேவலமான காரியம் ஒன்று நான் செய்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

ஒவ்வொரு கீமோவுக்கும் முந்தின நாள் மலை இறங்கி, அய்யம்பாளையத்தில் உங்கள் சித்தி வீட்டில் தங்குவோம். காலையில் அங்கிருந்து மதுரை. பெரியப்பாவும் கூடவே வருவார். நான் விவரம் போதாதவன், டாக்டரிடம் பேச ஆள் வேண்டும் என்று அவரே சொல்லிக்கொள்வார். டாக்டர் எல்லாத் தடவையும் ஒரே வரிசையில் கேட்பார். பசி எப்படி, வாந்தி உண்டா, மூச்சு வாங்குதா, தூக்கம் எப்படி. ரெண்டாவது தடவை தூக்கத்தைப் பற்றி அவர் கேட்டபோது உங்கள் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: “நல்லாத் தூங்குறா சார்.”

“அடிச்சுப் போட்டாப்ல தூங்கும் சார்” என்றார் பெரியப்பா, அவர் பங்குக்கு.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். நம் ஊரில் தூக்கம் வராதவள் என்றால் என்ன நினைப்பார்கள்? ஒன்று, மனசில் ஏதோ களவு இருக்கிறது. இல்லை, புருஷன் வீட்டில் நிம்மதி இல்லை. என் பெண்டாட்டி என் வீட்டில் தூங்குவதில்லை என்று ஒரு பெரிய டாக்டர் முன்னால் நான் சொல்வதா? அதுபோக, புற்றுநோயைப் பார்க்கிற மனுஷனிடம் போய்த் தூக்கம் வரவில்லை என்பது, ஆனை மிதித்துக் கிடக்கிறவன் கொசுக்கடியைச் சொல்வது மாதிரி எனக்குப் பட்டது. என் அறிவு அவ்வளவுதான். மூன்றாவது தடவையும் அதையே சொன்னேன். நாலாவது தடவையும்.

உங்கள் சித்தி ஒருத்திதான் சொன்னாள். நாலாவது கீமோ அன்று காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாமா, அக்கா ராத்திரி பூராச் சுவத்துல சாஞ்சு உக்காந்துருக்கு. ஒரு பொட்டுக் கண்ண மூடல. டாக்டர்ட்டச் சொல்லுங்க” என்றாள்.

“எடம் மாறுனா அப்படித்தான். நீ ஒன் சோலியப் பாரு” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நாலாவதுக்குப் பிறகு அவள் கரைந்துபோனாள். பாப்பா, நீ வந்து அம்மாவின் வளையல் முழங்கை வரை ஏறுகிறது என்று அழுதாயே, அப்போதுதான். ஐந்தாவதுக்குப் போனபோது டாக்டர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். எடை, ரத்தம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “இன்னைக்கு ஏத்த முடியாது, அடுத்த வாரம் வாங்க” என்று அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் போனோம். அன்றும் கேட்டார், அன்றும் நான் நல்லாத் தூங்குறா என்றேன். அன்றும் ஏற்றவில்லை.

“இப்படியே போச்சுன்னா கீமோவ நிறுத்திற வேண்டியதுதான். உடம்பு தாங்கல” என்றார்.

பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். உங்கள் அம்மா கையிலிருந்த துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள். பெரியப்பா மட்டும் தெளிவாக இருந்தார். வெளியே வந்ததும், “அவங்களே விடச் சொல்றாங்கல்ல, விட்ரு. நான் ஒரு வைத்தியர்கிட்டக் கேட்டு வச்சுருக்கேன்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அன்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நான் கீழே மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தேன். உங்கள் அம்மா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்றாள். நம் பாப்பாவைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். அவள் கையில் அந்த மாத்திரைக் கவர்.

“அண்ணே, இங்க வாங்க. இத எப்பக் குடுக்குறீங்க?”

“சாயங்காலம் ஒண்ணு. படுக்கும்போது பாலோட ஒண்ணு.”

“கவர்ல என்ன எழுதிருக்கு?”

நான் பெரியப்பா வருகிறாரா என்று வாசலைப் பார்த்தேன்.

“படிக்கத் தெரியும்ல? படிங்க.”

“ஒண்ணு. ஒண்ணு. சுழி.”

“சுழின்னா?”

“ராத்திரிக்கு இல்ல.”

“அப்பத் தெரிஞ்சேதான் குடுத்துருக்கீங்க.” பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “இது ஆள முழிக்க வைக்கிற மாத்திரைண்ணே. காலையில குடுத்தா பகல்ல தெம்பா இருப்பாங்க, ராத்திரிக்குள்ள அடங்கிரும். பொழுது சாயக் குடுத்தா விடிய விடியக் கொட்டுக் கொட்டுன்னு முழிச்சிருக்க வேண்டியதுதான். எத்தன நாளா இப்படி?”

“மூணு மாசமாச்சு தாயி” என்றாள் உங்கள் அம்மா.

“ஏம்மா, ஒவ்வொரு தடவையும் தூக்கம் எப்படின்னு கேக்குறாங்களே, வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?”

உங்கள் அம்மா என்னைப் பார்க்கவில்லை. குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “இவுகதான் நல்லாத் தூங்குறான்னு சொல்லிட்டாகளே. டாக்டருக்கு முன்னால இவுகளப் பொய்யனாக்கச் சொல்றீகளா?”

நர்ஸ் போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் சத்தம் போடவில்லை. ஏன் நேரத்தை மாற்றினீர்கள் என்று கேட்டார். நான் குழாய்த் தண்ணீரையும் சூட்டு மருந்தையும் ஜன்னியையும் பற்றிச் சொன்னேன். மலையில் பெரிய விஷயமாக இருந்தது, மதுரையில் அந்த வார்டில் நின்று சொல்லும்போது என் காதுக்கே அசிங்கமாக இருந்தது. முழுக்கக் கேட்டார். பிறகு, “அப்ப, அந்த மூணு மாசமும் நீங்க தண்ணியில கை வச்சிருந்தா விஷயம் முடிஞ்சிருக்கும். இல்லையா?” என்றார்.

நான் கவரை நர்ஸிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன்.

“தூங்குனா கட்டி கரைஞ்சிரும்னு நான் சொல்லல” என்றார் டாக்டர். “அவங்க இளைச்சதுக்கு நோயும் காரணம், கீமோவும் காரணம். ஆனா தூக்கமே இல்லாம இருக்கறவங்களுக்கு அசதி கூடும், சாப்பாடு இறங்காது, வலி பெரிசாத் தெரியும், சிகிச்சையத் தாங்க முடியாமப் பாதியில நின்னுர்றாங்க. அப்படி நின்னவங்கள நான் நெறையப் பாத்துருக்கேன். அதுக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் கேக்குறேன். ஒப்புக்குக் கேக்கல.”

மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, இனி காலையில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றார். இருமலுக்குப் படுக்கும் முன் குடிக்க மருந்து, தலைக்கு உயரமாக ரெண்டு தலையணை, காலையில் கொஞ்ச நேரம் வெயிலில் உட்கார வேண்டும், பகல் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், விளக்கு வைத்த பிறகு வீட்டில் ஆள் கூட்டம் கூடாது. ரெண்டு வாரம் பார்த்துவிட்டு ஐந்தாவதை முடிவு செய்யலாம் என்றார்.

பெரியப்பா டீ குடித்துவிட்டு ஏறி வந்தார். நான் வராண்டாவில் நிறுத்திச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம்கூட விழவில்லை.

“ஏலே, நேத்து மொளச்ச நர்சுப் பிள்ள சொன்னா வேதமாக்கும்? மாத்திரையில ஒண்ணுமில்ல. அவ சிந்தன பண்றா. சிந்தன பண்றவளுக்கு எப்படித் தூக்கம் வரும்?”

“நானும் நீயும் சேந்து அவளக் கொல்லப் பாத்துருக்கோம்ணே.”

“ஆமா, நான்தான் அவ நெஞ்சுக்குள்ள போயிக் கட்டிய வச்சேன். பேசுறான் பாரு பேச்சு!”

அவரோடு வாதாட முடியாது. மூன்று மாதம் அவர் சொன்னதைச் செய்தவனும் நான்தான், அவர் என் கையைப் பிடித்து மாத்திரையைத் திணிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் ஒருத்தரால் தன் தப்பு நிரூபணமான பிறகும், டீ வாசனையோடு நின்று சிரிக்க முடிகிறதே, அந்த ஜென்மத்தின் மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் இறங்கவில்லை. என் மேல் வந்தது அதைவிட ஜாஸ்தி. அது எங்கே போகும், கூடவேதான் குடியிருக்கிறது.

மறுநாளிலிருந்து மாடு கழுவுவது, பாத்திரம், துணி எல்லாம் நான். குழாயடியில் நின்று சேலையை அலசும்போது அந்த ஆரஞ்சுப் பழ அத்தை எதிரே போனாள். “என்னப்பா, பொண்டாட்டி சேலைய நீ அலசுற? ஊரு தாங்குமா?” என்றாள். ஊர் தாங்கியது. ஒரு கல்கூட உருளவில்லை. என் விரலும் விறைத்ததே தவிர விழுந்துவிடவில்லை.

முதல் மூன்று நாட்கள் ஒன்றும் மாறவில்லை. நர்ஸும் பொய்யோ என்று நினைத்தேன், அதற்கும் எனக்கு வெட்கமில்லை. நாலாம் நாள் கொஞ்சம் கண் அசந்தாள். ஒரு வாரம் கழித்து ஒரு நாள், ஏழு மணிக்கே தலையணையில் சாய்ந்தவள் இருமாமல் தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் அடுப்படியில் கஞ்சியை இறக்கிக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டில் சத்தம். பெரியப்பாவும், கூட இன்னும் ரெண்டு பேரும்.

ஓடிப் போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். “அவ தூங்குறாண்ணே. நாளைக்குப் பகல்ல வா.”

“தூங்குனா என்ன, தூங்கட்டும். எட்டிப் பாத்துட்டுப் போறோம். இவுக மன்னவனூர்ல இருந்து வந்துருக்காக.”

“மன்னவனூரு என்ன, மதுரையில இருந்து வந்தாலும் நாளைக்குத்தான்.”

“தம்பி வீட்டு வாசலுக்கு டோக்கனாலே? ஆசுபத்திரி வச்சு நடத்துறியோ?”

“ஆமா. பீடிய அணைச்சுட்டு மெதுவாப் பேசு.”

“தூக்கத்துக்குக் காவல் நிக்கிறான்யா ஒருத்தன்!” என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். எனக்குப் பொம்பளைப் பெயர் ஒன்றையும் வைத்தார். அதை உங்களுக்கு எழுத வேண்டாம். நான் கொக்கியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அவள் முழிக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். சொத்துத் தகராறு இல்லை, பூண்டு வியாபாரத் தகராறு இல்லை. ஊரில் என்னென்னவோ சொல்வார்கள், நம்பாதீர்கள்.

ரெண்டு வாரம் கழித்துப் போனபோது அவள் மேஜையைப் பிடிக்காமல் நின்றாள். ஐந்தாவது ஏற்றினார்கள். மூன்று வாரத்தில் ஆறாவதும். ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி சுருங்கியிருந்தது, போகவில்லை. போகும் என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் ஒரு மருந்து மட்டும் ஏற்றிக்கொண்டு வருகிறாள், உங்களுக்குத் தெரியும். தள்ளிப்போன அந்த வாரங்களிலும், தூக்கம் இல்லாத அந்த மூன்று மாதத்திலும் அவள் நெஞ்சுக்குள் என்ன நடந்தது, முதலிலிருந்தே தூங்கியிருந்தால் இன்னும் சுருங்கியிருக்குமா என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டேன். “தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்” என்றார்.

பெரியப்பா பகலில் வந்தால் நாற்காலி போடுகிறேன், காப்பி தருகிறேன். காப்பி போடுவதும் நான்தான். அதற்கு மேல் சமாதானம் பேச என்னைக் கூப்பிடாதீர்கள். அவருக்குத் தேவை சமாதானம் இல்லை, ஏழு மணிக்கு மேல் உள்ளே வருவது. அது நடக்காது. உங்களுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். நாளைக்கு உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால், கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்படுகிறதோ அவர்கள் பதில் சொல்லட்டும். உங்கள் வாய் சும்மா இருக்கட்டும். தம்பி, முக்கியமாக உனக்குச் சொல்கிறேன், நீ என் ஜாடை.

ஸ்கேன் பார்த்துவிட்டு வந்த மறுநாள் மத்தியானம் உங்கள் அம்மா சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். நான் ஆஸ்பத்திரி நோட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்த் தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் பசி, வாந்தி, மூச்சு என்று இங்கிலீஷில் வரிசையாக எழுதி, தூக்கத்துக்கு நேரே ‘குட்’ என்று போட்டிருந்தார்கள். நான் சொன்னதை நம்பி எழுதியது. மாத்திரை தொடங்கும் முன் எழுதிய முதல் ‘குட்’டும், அவள் தூங்கத் தொடங்கிய பிறகு எழுதியவையும் உண்மை, அவற்றை விட்டுவிட்டேன். மற்ற ஐந்தையும் பேனாவால் அடித்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘தூங்கவில்லை’ என்று தமிழில் எழுதினேன். ஐந்தாவதன் பக்கத்தில் டாக்டர் கையெழுத்து குறுக்கே வந்து இடத்தை அடைத்திருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தாக நெருக்கி எழுதினேன்.